ஊர் எடுக்கும் தண்ணீரைப் பருவவாரியாகக் கணக்கெடுப்பது எப்படி? கடலூர் மாவட்டத்துக்கான வழிமுறை

கடலூர் மாவட்டத்துக்கு மழை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்தில் புதுச்சேரியிலும் அதே கதைதான். ஆனால் இதே மாவட்டத்தில்தான் ஏப்ரல் பிறந்தால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, காற்று வாங்குகிறது, கடலோர ஊர்களில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. வருஷத்துக்கு ஒரு எண், மாவட்டத்துக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டால் நவம்பர் வெள்ளம் ஏப்ரல் வறட்சியை மூடிவிடும், காட்டுமன்னார்கோயில் வாய்க்கால் தண்ணீர் பண்ருட்டி மேட்டு நிலத்தை மறைத்துவிடும். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமைகூட, கிடைக்கும் நீரில் எத்தனை விழுக்காடு எடுத்துத் தீர்க்கிறோம் என்று காட்டும் நீர்ச் சுரண்டல் குறியீட்டை ஆற்றுப்படுகைவாரியாக, காலாண்டுவாரியாகப் போடுவது இதற்காகத்தான். நாம் நம்ம ஊருக்குப் போட முடியும். மழை எவ்வளவு பெய்தது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எவ்வளவு உறிஞ்சினோம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உழவர் குழுக்கள், கல்லூரி மாணவர்கள், கிராம சபையில் கையில் கணக்கோடு எழுந்து பேச நினைப்பவர்கள், இவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் எல்லையும் காலமும்

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீட்டை அரசு குறுவட்டம்வாரியாக, அதாவது சில வருவாய் கிராமங்கள் சேர்ந்த பிர்காவாரியாகச் செய்கிறது. ஒரு ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்று பார்த்து, 70 வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100க்கு மேல் போனால் மிகைச் சுரண்டல் என்று பிரிக்கிறார்கள், உவர்நீர்ப் பகுதி தனி. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது என்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு அதை ஓரமாக வையுங்கள், உங்கள் கணக்கு முடிந்தபின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தேவைப்படும். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வருவாய் கிராமம், மிஞ்சிப் போனால் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று. அதற்கு மேல் போனால் பாதியில் கைவிடுவீர்கள்.

கிராமம் எந்த மாதிரி நிலத்தில் இருக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆற்று வண்டல், கொள்ளிடத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வரும். பண்ருட்டி, நெய்வேலி பக்கம் கடலூர் மணற்பாறை, பலாவும் முந்திரியும் நிற்கிற செம்மண் மேடு, அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆழ்ந்த நீரடுக்கு. மேற்கே வேப்பூர் பக்கம் போனால் கெட்டிப் பாறை, அங்கே வெட்டுக் கிணறும் பாறை வெடிப்பில் ஊறுகிற தண்ணீரும்தான். இந்த மூன்றின் எண்களையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எடுத்தால் சம்பா இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் அறுபட்டுவிடும். ஜூன் முதல் மே வரை ஒரு நீராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், கிராமக் கணக்கில் பசலி ஆண்டும் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவதால் ஏறத்தாழப் பொருந்திவிடும். அதை நான்காகப் பிரியுங்கள்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் மார்ச், அப்புறம் ஏப்ரல், மே. நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது, அந்த எண்களையும் உங்கள் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தப் பிரிவு வசதி.

காகிதத்தில் இருப்பது

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கும். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தப் போகம், என்ன பாசனம் என்பதெல்லாம் அதில் உண்டு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விவசாய இணைப்புகளின் எண்ணிக்கையும் மோட்டாரின் எச்.பி.யும் (குதிரைத்திறன்) கிடைக்கும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிகளின் கொள்ளளவு, எத்தனை போர், எத்தனை அடி ஆழம் என்பது இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஊர், ஆண்டு, மாதம் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும், "நீர் எடுப்பு பற்றிய விவரம்" என்று பொதுவாகக் கேட்டால் உங்கள் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும்.

இந்தக் காகிதங்களை நம்புங்கள், ஆனால் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணைப்பு 5 எச்.பி. என்று இருக்கும், மோட்டார் கொட்டகையில் 7.5 ஓடும். ஒரே இணைப்பில் இரண்டு போரை மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் உண்டு. அடங்கலில் மானாவாரி என்று இருக்கிற நிலத்துக்குப் பக்கத்துப் போரிலிருந்து குழாய் போட்டுக் காசுக்குத் தண்ணீர் பாயும். நேரில் போகாமல் இதெல்லாம் தெரியாது.

கொட்டகைக்குப் போகும்போது

விவசாய மின்சாரம் இலவசம், மீட்டர் பார்த்து எவ்வளவு ஓடியது என்று சொல்ல வழியில்லை. மாவட்டத்திலேயே அதிகமாகத் தண்ணீர் எடுக்கும் இடம் வயல்தான், அங்கேதான் அளவு இல்லை. அதனால் மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

எல்லா மோட்டாரையும் அளக்க முடியாது. இணைப்புப் பட்டியலை ஆழத்தை வைத்தும் எச்.பி.யை வைத்தும் பயிரை வைத்தும் கூறு பிரித்து, ஒவ்வொரு கூறிலும் நான்கைந்து போர் எடுங்கள். சாலையோரத்துப் போராகப் பார்த்து எடுக்காதீர்கள். வரப்பில் நடந்து போக வேண்டிய போரும் பட்டியலில் இருக்கட்டும்.

போனதும் அளவு நாடாவை எடுக்காதீர்கள். முதல் கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும்: "மீட்டர் வைக்க வந்திருக்கீங்களா தம்பி?" இந்தப் பயம் நியாயமானது, மீட்டர் வந்தால் இலவச மின்சாரம் போய்விடும் என்ற கவலை இந்தப் பக்கத்து உழவர் எல்லோருக்கும் உண்டு. "இல்லைங்கண்ணே, பேரோ சர்வே எண்ணோ எழுத மாட்டோம், நோட்டை நீங்களே பாருங்க" என்று சொல்லி நோட்டை நிஜமாகவே கையில் கொடுங்கள். ஒவ்வொரு போருக்கும் ஒரு குறி எண் மட்டும் போதும். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் உங்கள் குழுவில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், அது எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. இதில் ஒரு முறை வாக்குத் தவறினால் அடுத்த பருவத்துக்கு அந்த ஊரில் யாரும் கொட்டகைக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அளக்க இரண்டு வழி. தண்ணீர் குறைவாக வந்தால் 200 லிட்டர் பேரல் ஒன்றை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள், மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். தண்ணீர் வேகமாகக் கொட்டினால் பேரல் அரை நிமிடத்தில் நிரம்பித் தளும்பும், பிசகு அதிகம், அப்போது தச்சரிடம் இருக்கிற மூலைமட்டம் மாதிரி ஒன்றை மரச்சட்டத்தில் செய்துகொள்ளுங்கள், குட்டைக் கை சரியாக 30 சென்டிமீட்டர், நீளக் கையில் சென்டிமீட்டர் கோடு. குழாய் படுக்கைவாட்டில், வாய் நிரம்பக் கொட்ட வேண்டும், இது முக்கியம், சாய்ந்த குழாயிலும் பாதி நிரம்பிய குழாயிலும் இந்தக் கணக்கு செல்லாது. நீளக் கையைக் குழாயின் முதுகில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டே போங்கள், கீழ்நோக்கி இருக்கும் குட்டைக் கையின் நுனி பாயும் தண்ணீரின் மேல்பரப்பைத் தொடுகிற இடத்தில் நிறுத்துங்கள். குழாய் வாயிலிருந்து அதுவரை உள்ள நீளத்தை மீட்டரில் எழுதி 4.04ஆல் பெருக்கினால் தண்ணீரின் வேகம் வரும். அதைக் குழாய் வாயின் பரப்பால் பெருக்க வேண்டும். உள்விட்டம் 7.5 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 0.00442 சதுர மீட்டர். நீளம் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேகம் வினாடிக்கு 1.41 மீட்டர், தண்ணீர் வினாடிக்கு 6.2 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 22,300 லிட்டர். மோட்டார் போட்டவுடனே அளக்காதீர்கள், அரை மணி நேரம் ஓடி மட்டம் ஒரு நிலைக்கு வந்தபின் அளங்கள். போட்டவுடன் வரும் வேகம் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும்.

அளந்தது சரியா என்று ஒரு குறுக்குக் கணக்கும் உண்டு. எச்.பி.யை 75ஆல் பெருக்கி, மோட்டார் பம்பு இரண்டும் சேர்ந்த திறனாக 0.45 போட்டு, ஓடும்போது தண்ணீர் நிற்கும் ஆழத்தோடு குழாய் மேலேறும் உயரத்தையும் சேர்த்து மீட்டரில் எடுத்து அதால் வகுங்கள். 5 எச்.பி., 30 மீட்டர் என்றால் வினாடிக்கு 5.6 லிட்டர். மேலே வந்த 6.2உடன் இது ஒத்துப்போகிறது. அளவும் கணக்கும் ஒன்றுக்கு இரண்டு மடங்காக விலகினால், ஒன்று மோட்டாரின் எச்.பி. தவறு, இல்லை ஆழம் தவறு.

இதே போரில் மே மாதம் வந்து திரும்ப அளந்தாக வேண்டும். மட்டம் கீழே போனால் அதே மோட்டார் குறைவாகத்தான் தூக்கும். ஜனவரி அளவை வைத்துக் கோடைக்குப் பெருக்கினால் எடுப்பு கூடுதலாகக் காட்டும்.

எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டால் "கரண்ட் இருக்கிற வரைக்கும்" என்பதுதான் பொதுவான பதில். அந்தப் பதிலிலிருந்து எண் எடுக்க முடியாது. மும்முனை மின்சாரம் எந்த மணிக்கு வந்து எந்த மணிக்குப் போகிறது என்பதை அந்தப் பருவத்தில் ஒரு வாரம் குறித்துவையுங்கள், பிறகு கேள்வியை மாற்றுங்கள்: நாற்று விட்டதிலிருந்து அறுப்புக்கு முன் தண்ணீரை நிறுத்தியது வரை எத்தனை நாள், எத்தனை நாளைக்கு ஒருமுறை பாய்ச்சல், ஒரு பாய்ச்சலுக்கு எத்தனை மடை, ஒரு மடை நிரம்ப எவ்வளவு நேரம். இப்படிக் கேட்டால் நினைவிலிருந்து சரியாகவே சொல்வார்கள். நிலத்தைக் காணியில் சொன்னால் அந்த ஊரில் காணி எத்தனை சென்ட் என்று கேட்டு எழுதுங்கள்.

பயிரை வைத்துச் சரிபார்ப்பது

நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை, மணிலாவுக்கு (நிலக்கடலை) 500 முதல் 550, கரும்புக்கு ஆண்டு முழுக்க 2000ஐ ஒட்டி. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் நின்றால் அது 4,047 லிட்டர், சுமார் 4 கன மீட்டர்.

இப்போது நவரைக்கு, அதாவது ஜனவரியை ஒட்டி நட்டுக் கோடையில் அறுக்கும் நெல் போகத்துக்குக் கணக்குப் போடுவோம். 3 ஏக்கர் நெல், 100 நாள், சராசரியாக நாளுக்கு 6 மணி நேரம், மணிக்கு 22.3 கன மீட்டர். மொத்தம் 13,380 கன மீட்டர், ஏக்கருக்கு 4,460, மில்லிமீட்டரில் சொன்னால் 1,100 சொச்சம். பயிர்த் தேவையோடு பொருந்துகிறது, எழுதிக்கொள்ளலாம். அவரே நாளுக்கு 10 மணி நேரம் என்று சொல்லியிருந்தால் 1,800ஐத் தாண்டும். அப்போது அவர் சொன்னதை அடித்துவிட்டு 1200 என்று எழுதாதீர்கள். நிலம் மணற்பாங்காக இருந்து தண்ணீர் கீழே இறங்கலாம், பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் போகலாம், நேரக் கணக்கு தவறாக இருக்கலாம். மறுபடி போய்க் கேளுங்கள். காசுக்குத் தண்ணீர் விடுவது பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வரும்.

சம்பாவில் இந்தச் சரிபார்ப்பு வேறு மாதிரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் தேவையில் பெரும்பகுதியை மழையே தந்துவிடும், மோட்டார் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் மட்டும் ஓடும். ஒரே வயல், ஒரே நெல், ஆனால் நிலத்தடியிலிருந்து எடுக்கும் தண்ணீர் நவரையில் பல மடங்கு. பருவம் பிரிக்காத கணக்கில் இது தெரியவே தெரியாது.

வயலுக்கு வெளியே

குடிநீருக்குத் தொட்டி இயக்குபவரைப் பிடியுங்கள், ஊரில் அவரைவிடத் துல்லியமாக யாருக்கும் தெரியாது. 60,000 லிட்டர் தொட்டி நாளுக்கு எத்தனை முறை நிரம்புகிறது, கோடையில் நிரம்ப எவ்வளவு கூடுதல் நேரம் ஆகிறது என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். 5,000 பேர் உள்ள ஊருக்கு நாளுக்கு 2.75 லட்சம் லிட்டர், ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாளுக்கு 33,000 கன மீட்டர். 200 ஏக்கர் நவரை நெல் எடுப்பதோ ஏறத்தாழ 8.9 லட்சம் கன மீட்டர். குடிநீரின் பங்கு சிறிதுதான், ஆனால் மட்டம் இறங்கும்போது ஆழம் குறைந்த ஊராட்சிப் போர்தான் முதலில் வற்றும். ஊராட்சிப் போரின் ஆழத்தையும் சுற்றியுள்ள விவசாயப் போர்களின் ஆழத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தண்ணீர் லாரியும் கேன் தண்ணீர் ஆலையும் இருந்தால் நடை எண்ணுங்கள். கேன் ஆலையில் விற்பதை மட்டும் எண்ணினால் போதாது, சுத்திகரிப்பில் கழிந்து வெளியேறும் தண்ணீரும் நிலத்திலிருந்து எடுத்ததுதான்.

நம்ம மாவட்டத்துக்கே உரிய இரண்டு பெரிய எடுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று வீராணம் ஏரி. சென்னைக்கு நாளுக்கு 180 மில்லியன் லிட்டர், அதாவது 18 கோடி லிட்டர், என்ற அளவில் வடிவமைக்கப்பட்ட திட்டம் 2004 முதல் இயங்குகிறது. செய்தியில் இது வினாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். 1 கன அடி நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டர், ஆக 18 கோடி லிட்டர் என்பது ஏறத்தாழ 74 கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, 18 கோடி லிட்டர் என்றால் அதில் நாளுக்கு 6.4 மில்லியன் கன அடி குறையும். உங்கள் பேரேட்டில் எடுத்த இடம், பயன்பட்ட இடம் என்று இரண்டு கட்டம் போடுங்கள். வீராணத்து நீர் எடுத்த இடத்தில் கடலூர் மாவட்டத்தின் பெயரில் வர வேண்டும், பயன்பட்ட இடத்தில் சென்னை.

இன்னொன்று நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீரடுக்கின் அழுத்தம் சுரங்கத் தரையைப் பொத்துக்கொண்டு வராமலிருக்க, அங்கே இரவு பகலாக நிலத்தடி நீரை வெளியேற்றியாக வேண்டும். இதற்குப் பருவம் கிடையாது, நவம்பரிலும் ஓடும், மே மாதமும் ஓடும், அதனால் நான்கு பருவத்திலும் தனி வரியாக எழுதுங்கள். வெளியேற்றிய நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, ஒரு பகுதி வாய்க்கால் வழியே வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு வருகிறது. அந்த ஏரிப் பாசன நிலத்தைப் புதிதாக எடுத்த தண்ணீராக மறுபடி எழுதினால் ஒரே தண்ணீர் இரண்டு முறை கணக்கில் ஏறும்.

நீர்மட்டமும் உப்பும்

வெட்டுக் கிணற்றில் நாடாவின் நுனியில் எடை கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்குங்கள். ஈரம் பட்ட கோடு தெளிவாகத் தெரியும், விட்ட நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்து, கிணற்றுச் சுவர் தரைக்கு மேல் நிற்கும் உயரத்தையும் கழியுங்கள். விடியற்காலையில், சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டாரும் ஓடத் தொடங்குவதற்கு முன் அளங்கள்.

மட்டம் இறங்கியதை வைத்து எடுத்த தண்ணீரைச் சரிபார்க்கலாம். 600 ஹெக்டேர் வண்டல் நிலத்தில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே 2 மீட்டர் இறக்கம், மண்ணிலிருந்து வடியக்கூடிய நீர் 10 விழுக்காடு என்று வைத்தால் 12 லட்சம் கன மீட்டர் குறைந்திருக்கிறது. நீங்கள் போட்ட எடுப்புக் கணக்கு 9 லட்சம் என்றால், மீதி எங்கே போனது என்று தேட வேண்டும். வயலில் பாய்ச்சியதில் ஒரு பகுதி திரும்பக் கீழே இறங்கியிருக்கும் என்பதால் இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கும். அரசின் மதிப்பீட்டு முறையில் கிணற்றுப் பாசன நெல்லுக்கு இந்தத் திரும்பும் நீர், மட்டம் 10 மீட்டருக்குள் இருந்தால் 45 விழுக்காடு, 25 மீட்டருக்குக் கீழே போனால் 20. பட்டியலில் விடுபட்ட போர்கள், பக்கத்து ஊரின் எடுப்பு, இயல்பாக ஆற்றுக்கும் கடலுக்கும் வடிந்த நீர், மூன்றையும் பாருங்கள்.

இந்தச் சரிபார்ப்பை நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து ஆழ்ந்த போர்களில் செய்யாதீர்கள். அங்கே மட்டம் என்பது அழுத்தத்தின் அளவு. கொஞ்சம் தண்ணீர் எடுத்தாலே பல மீட்டர் இறங்கும், அதை 10 விழுக்காட்டால் பெருக்கினால் எடுக்காத தண்ணீரையெல்லாம் எடுத்ததாகக் காட்டும்.

கடலோரத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். கிள்ளை, தேவனாம்பட்டினம் மாதிரி ஊர்களில் மட்டம் பெரிதாக இறங்காமல்கூட இருக்கலாம், எடுத்த நல்ல தண்ணீரின் இடத்துக்கு உவர்நீர் நகர்ந்து வந்துவிடும். அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் கட்டாயம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2000 வரை. ஒரே போரில் ஜனவரியிலும் மே மாதமும் அளந்து, எத்தனை அடி ஆழத்துத் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்கை முடிப்பது

ஒவ்வொரு பருவத்துக்கும் எடுத்தது, அதில் திரும்பியது, அந்தப் பருவத்தில் மழையும் வாய்க்காலும் தந்தது என்று மூன்று எண் வேண்டும். எடுத்ததிலிருந்து திரும்பியதைக் கழித்து, கிடைத்ததால் வகுங்கள். ஐரோப்பியக் குறியீட்டில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் நெருக்கடி, 40ஐத் தாண்டினால் கடும் நெருக்கடி என்பது பொது வழக்கம். நம்ம ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த எண் சின்னதாகவும், கோடையில் 100ஐத் தாண்டியும் வரும். தாண்டினால் பயப்பட வேண்டாம், நவம்பரில் சேர்ந்ததைக் கோடையில் எடுக்கிறோம் என்று பொருள். பார்க்க வேண்டியது அடுத்த ஜனவரியில் மட்டம் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பதை. நல்ல மழை பெய்த ஆண்டிலும் திரும்பவில்லை என்றால் சேமிப்பே கரைகிறது.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அளந்தது, கேட்டது, கணித்தது என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். அறிக்கை அழகாக இருக்க வேண்டும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எதிர்க்கேள்வி வரும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த ஒரு கட்டம்தான். அதேபோல 8,92,346 கன மீட்டர் என்று எழுதாதீர்கள், 8 முதல் 10 லட்சம் என்று எழுதுங்கள். நம் அளவு அவ்வளவுதான் தாங்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான கணக்கை மே 1 கிராம சபைக்குத் தயார் செய்துவிடலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் வேலை நடந்துகொண்டிருப்பதை அறிவித்து, நவரை உழவர்களை அங்கேயே சந்தித்து விடுபட்ட போர்களைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே 1 அன்று இரண்டு தீர்மானம் கேளுங்கள்: ஊராட்சியின் ஒவ்வொரு போரிலும் தண்ணீர் மீட்டர், நீர்மட்டம் பார்க்கப் பயன்பாட்டில் இல்லாத ஒரு கிணறு. கிணற்றைத் தேர்ந்தெடுக்கும்போது உழவர்களையே காட்டச் சொல்லுங்கள், எந்தக் கிணறு அக்கம்பக்கத்து மோட்டாருக்கு ஆடாமல் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.